கரையைக் கடந்த புயலும் நம் சமவெளியும்

“கடல் எங்கோ இருக்கிறது, புயல் சேலத்தை என்ன செய்துவிடும்?” என்று எம்மிடம் கேட்போர் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் அதற்கு விடை கூறிச் சென்றது. வலுவிழந்து மேற்கே நகர்ந்த அது, கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில், டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைப்பட்டது. சேலத்தில் திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது.

நம் பகுதியில் காற்றைவிட மழையே பெரிய இடர். அம்மழை பாதையையும் மின்சாரத்தையும் துண்டிக்கும்போது, வெள்ளம் தீண்டாத வீட்டிலுள்ள நோயாளியும் ஆபத்துக்குள்ளாகிறார். 108 ஊர்தி உடனே புறப்பட்டாலும் மண் சரிந்த வளைவைக் கடந்து வர இயலாது. ஆகவே ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வாழும், பேறுகாலம் நெருங்கிய தாய்மார்களைக் கனமழை எச்சரிக்கை வந்தவுடனே கீழே அழைத்துவந்து, மருத்துவமனைக்கு அருகில் தங்கவைத்தல் நலம். வலி கண்டபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது மழைக்காலத்துக்கு ஒவ்வாது.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் தம் முறைநாளை முன்கூட்டியே மாற்றித் தருமாறு எம்மிடம் கேட்கலாம், தயங்க வேண்டாம். ஒரு முறை தவறினால் உடலில் நீரும் பொட்டாசியமும் தேங்கும். பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பே நின்றுவிடக்கூடும். அந்நாள்களில் நீரையும் உப்பையும் மருத்துவர் கூறிய அளவுக்குள் குறைத்து, இளநீரையும் வாழைப்பழத்தையும் அறவே தவிர்க்க வேண்டும். பிறருக்கு நன்மை தரும் இளநீர் இவர்களுக்கு நஞ்சாகலாம் என்பதை வீட்டார் பலர் அறியார்.

மின்தடையின்போது இன்சுலின் குப்பியை உறையில் இட்டு, ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் வைக்கலாம். பனிக்கட்டிமீது நேராக வைத்தல் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும்.

வெள்ளம் புகுந்த வளைகளிலிருந்து பாம்புகள் வீடு தேடி வரும். தரையில் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ தெரியாமல் போகலாம். விடியலில் காரணமற்ற வயிற்றுவலி, இமை சரிதல், விழுங்க இயலாமை கண்டால் கடித்த தடம் தேடி நேரத்தைப் போக்காமல், நஞ்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். கயிற்றால் இறுகக் கட்டுதலும் கீறுதலும் வேண்டா.

தேங்கிய நீரில் நடந்தவருக்கு ஓரிரு வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் தோன்றினால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வெள்ள நீரில் நடந்த செய்தியை மருத்துவரிடம் நீங்களே முதலில் கூறிவிடுங்கள். மழை விட்டு வெயில் வந்தபின் அதைக் கேட்க எவருக்கும் தோன்றாது.