நிலக்கடலையும் வறட்சியும்

சித்தூர் மாவட்டத்தில் குப்பத்தை அடுத்த சாந்திபுரம் வட்டாரத்தில் மானாவாரியாகப் பயிராகும் நிலக்கடலை, வறட்சியை ஓரளவு தாங்கவல்லது. நீர் குறைந்தால் சிற்றிலைகளை மடித்துக்கொள்ளும். பூக்குமுன் நேரும் மிதமான வறட்சியை, பின்னர் மழை பெய்தால், பெரும்பாலும் ஈடுசெய்துவிடும்.

விழுது இறங்கும் பருவத்தில் நிலைமை வேறு. மேல்மண் காய்ந்து இறுகினால் விழுது உட்புகாது. புகுந்த பின்னரும் இடர் உண்டு. வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து இலைகளுக்கே ஏறிச் செல்லும். காய்க்கு இறங்கி வாராது. காயே தன்னைச் சூழ்ந்த ஈரமண்ணிலிருந்து அதனை நேரே ஏற்கவேண்டும். ஈரமின்றேல் ஜிப்சம் இட்டும் பயனில்லை. ஆகவே ஆழத்து ஈரத்தால் இலைகள் பசுமையாயிருக்க, காய்கள் பொக்காகிவிடலாம்.

புவி வெப்பமுறுவதால் மழைக்கு மழை இடைவெளி நீளக்கூடுமாகையால், இவ்வேறுபாடு முக்கியமானது. சேதத்தை மதிப்பிடச் செல்வோர் வரப்பில் நின்று இலையைப் பார்த்துத் திரும்பின், நட்டம் குடியானவருக்கே. சில செடிகளைப் பிடுங்கிக் காய்களை உடைத்துப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர்கள் மாணவரையும் உடன் அழைத்துச் செல்லலாம்.