பூ மரம் நடுவதற்கு முன் வடிகலனைத் தேடுங்கள்



போன மாசம் பக்கத்துக் கொல்லைத் தம்பி என்னைத் தேடி வந்தார். "அண்ணா, ரெண்டு ஏக்கர்ல வேர்க்கடலைய விட்டுட்டு வாசனை மரம் போடலாம்னு இருக்கேன். பூவுல எண்ணெய் எடுத்தா லட்சக்கணக்குல வருதாமே. நகைய வெச்சுக் கன்னு வாங்கப் போறேன்" என்றார். நான் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் கொல்லைக்கு அழைத்துப் போய் மரங்களைக் காட்டினேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் நிலம் கலசப்பாக்கத்துக்கு மேற்கே, ஜவ்வாது மலை அடிவாரத்தில். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாற்றுக்காரர் வந்து இலாங்-இலாங் மரத்தைப் பற்றிப் பேசினார். எண்ணெயைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். எழுத்தில் எதுவும் வாங்காமல் 60 கன்று நட்டேன். வேலி ஓரம் 12 செண்பகமும் வைத்தேன். மூன்றாம் வருஷம் பூ வந்தது. வாங்குகிறேன் என்றவர் போனை எடுக்கவில்லை. அதன் பிறகுதான் இந்தத் தொழிலைப் படிக்க ஆரம்பித்தேன். படித்துவிட்டு நட்டிருக்க வேண்டும்.

இலாங்-இலாங் எப்படிப்பட்ட மரம்?

நம்ம சீத்தாப்பழம், மனோரஞ்சிதக் கொடி இரண்டும் சேர்ந்த அதே குடும்பம்தான். தென்கிழக்கு ஆசியாவில் பிறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தியப் பெருங்கடல் தீவுகளுக்குக் கொண்டுபோய்த் தோட்டமாக வளர்த்தார்கள். இன்று கொமோரோஸ், மடகாஸ்கர் இரண்டும்தான் இந்த எண்ணெய்க்குப் பேர்போன நாடுகள். 1921-இல் வந்த 'சனல் நம்பர் 5' என்ற பிரெஞ்சு வாசனைத் திரவியத்தில் இந்தப் பூவின் மணமும் சேர்ந்திருக்கிறது.

அது ஈரக்காற்றுத் தீவுகளில் வளர்கிற மரம். நம்ம பக்கம் சித்திரை, வைகாசி அனல்காற்றில் இலை கருகிவிடும். நான் நட்ட 60-இல் 23 கன்று முதல் கோடையிலேயே போய்விட்டது. பிழைத்தவை எல்லாம் வாழை நிழலிலும், கிணற்று வாய்க்கால் ஓரத்திலும் இருந்தவை. ஆகவே முதல் இரண்டு வருஷம் அகத்தி, வாழை நிழல் கட்டாயம் வேண்டும். அரை அடி உயரத்துக்கு மூடாக்கு போடுங்கள், தண்டை ஒட்டிப் போடாதீர்கள். தண்ணீர் தேங்கும் கழனியில் வைக்கவே வேண்டாம்.

தானாக விட்டால் மரம் 60 அடிக்கு மேல் போய்விடும், பூ கைக்கு எட்டாது. அதனால் 6, 7 அடி உயரத்தில் நுனியை வெட்டி, பக்கக் கிளைகளை மெதுவாக வளைத்துக் கட்டுகிறார்கள். கிளை சட்டென்று முறியும் தன்மை உள்ளது. ஒரே நாளில் இழுத்துக் கட்டாமல், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

எந்தப் பூவைப் பறிப்பது?

பூ முதலில் பச்சையாக இருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் மஞ்சளாகும். இதழின் அடியில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் பறிக்கலாம். விடியலில் தொடங்கி 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும். கசங்கினால் பூ கறுக்கும், மணம் கெடும். சாக்கில் அமுக்கிக் கட்டாமல் அகலமான மூங்கில் கூடையில் பரப்பி எடுத்துப் போகணும், சில மணி நேரத்துக்குள் கலனில் ஏற்றணும்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எலுமிச்சைப்புல் காய்ச்சும் நண்பர் ஒருவரின் கலன் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. முதல் தடவை பச்சைப் பூவும் மஞ்சள் பூவும் கலந்து 12 கிலோ கொண்டு போனேன். போய்ச் சேர மதியமாகிவிட்டது. கிடைத்தது 90 கிராம். அடுத்த தடவை முற்றிய பூவாக மட்டும் பறித்து, காலை 10 மணிக்கே ஏற்றினோம். அதே 12 கிலோவுக்கு 170 கிராம் வந்தது. மரம், மண், கலன் எல்லாம் அதேதான். மாறியது பறிப்பும் நேரமும் மட்டும்.

எண்ணெயும் ஒரே தரமாக வராது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வருவது 'எக்ஸ்ட்ரா', அதுதான் விலை உயர்ந்தது. பிறகு முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று பிரித்துப் பிடிக்கிறார்கள். கடைசித் தரம் பெரும்பாலும் சோப்புக்குப் போகிறது. முழுதாக வடிக்க 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் அடுப்பு எரியணும்.

ஏக்கர் கணக்கு

20 அடிக்கு 20 அடி நட்டால் ஏக்கருக்கு 108 மரம். நன்கு வளர்ந்த மரம் வருஷத்துக்கு 5 கிலோ பூ தந்தால் 540 கிலோ. நூற்றுக்கு 2 பங்கு எண்ணெய் என்று வைத்தாலும், எல்லாத் தரமும் சேர்த்து 11 கிலோதான். நம்ம வெயிலில் 3 கிலோ பூவும் ஒன்றரைப் பங்கு எண்ணெயும் வந்தால் 5 கிலோவுக்குள் நின்றுவிடும். என் கொல்லையில் ஓர் ஆள் காலையில் 6 கிலோ பறிக்கிறார். 540 கிலோவுக்கு 90 ஆள் கூலி. அதோடு வண்டி, விறகு, கலன் வாடகை. வாங்குபவர் எழுத்தில் தரும் விலையை இந்தக் கிலோவால் பெருக்கி, செலவைக் கழித்துப் பாருங்கள். பிறகு கன்று வாங்கலாம்.

செண்பகத்தையும் மல்லியையும் வடிக்கலாமா?

பலர் கேட்கும் கேள்வி இது. இந்தப் பூக்களை ஆவியில் ஏற்றினால் எண்ணெய் மிகச் சொற்பம், சூட்டில் மணமும் மாறும். திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கத்து ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு மாதிரி 'காங்கிரீட்' எடுக்கிறார்கள். ஆயிரம் கிலோ குண்டுமல்லிக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ அளவில்தான் காங்கிரீட் கிடைக்கும். நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று: ஹெக்சேனில் எடுத்ததற்கு இயற்கை வேளாண் சான்று கிடைக்காது. பூவை எவ்வளவு சுத்தமாக விளைவித்தாலும் அந்த மதிப்பு ஆலை வாசலிலேயே நின்றுவிடும்.

உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் பழைய முறை ஒன்று இன்னும் இருக்கிறது. செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் காய்ச்சி, மூங்கில் குழாய் வழியாக ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குகிறார்கள். சந்தனம் மணத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் அத்தர். 1991 முதல் அங்கே நறுமணத் தொழிலுக்கான மத்திய அரசு மையம் ஒன்றும் பயிற்சி தருகிறது. மகிழம்பூ, தாழம்பூவில்கூட அத்தர் உண்டு. ஜவ்வாது மலை என்றாலே சந்தனம்தான் என்பதால் நமக்கும் ஆசை வரும். ஆனால் சந்தனம் வைரம் பாய 15, 20 வருஷம் ஆகும், சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அது பிள்ளைகளுக்கான பயிர்.

விறகும் ஒரு செலவுதான்

கொமோரோஸில் கலன்களுக்கு விறகு வெட்டியே காடு குறைந்துபோனது. நாம் மணம் விற்பதற்காக ஜவ்வாது மலை மொட்டையாகக் கூடாது. வரப்பில் சவுக்கு, கிளைரிசிடியா வளர்த்து, நம்ம விறகிலேயே அடுப்பு எரிய வழி இருந்தால்தான் கலன் வைக்கலாம்.

தம்பிக்குச் சொன்ன வழி

வேர்க்கடலை அப்படியே இருக்கட்டும், நகை பீரோவில் இருக்கட்டும். வரப்பிலும் கிணற்று ஓரத்திலும் 10 இலாங்-இலாங், 10 செண்பகம் வையுங்கள். செண்பகம் ஒட்டுக்கன்றாக இருக்கட்டும், சீக்கிரம் பூக்கும். அந்தப் பூவுக்கு எண்ணெய் வேண்டியதில்லை. திருவண்ணாமலைப் பூக்கடைகளுக்கு, பௌர்ணமிக்கும் தீபத்துக்கும், பூவாகவே போகும். என் 12 மரமும் அப்படித்தான் வீட்டுச் செலவுக்குக் காசு தருகிறது.

இடையில் எர்ணாகுளம் பக்கம் ஓடக்காலியில் உள்ள கேரள வேளாண் பல்கலையின் நறுமணப் பயிர் நிலையத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே 1951-இலிருந்து எலுமிச்சைப்புல்லில் ஆராய்ச்சி நடக்கிறது. திரும்பி வந்து பத்துப் பதினைந்து பேர் சேருங்கள். எலுமிச்சைப்புல்லும் வெட்டிவேரும் வருஷம் முழுக்க வேலை கொடுத்தால்தான் பொதுக் கலன் கட்டுபடியாகும். துருப்பிடிக்காத எஃகிலோ செம்பிலோ செய்யுங்கள். கலன் ஊருக்குள் வந்த பிறகு பூ மரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பத்துக் கன்னு மட்டும் குடுங்கண்ணா" என்றார். நானே பதியன் போட்டு வைத்திருந்ததைக் கொடுத்தேன். இந்த ஐப்பசி மழைக்கு நட்டுவிடுவார்.