சிபியூ 100%னு காட்டுதா? எதுல 100னு கேளுங்க

லேப்டாப்ல டாஸ்க் மேனேஜர் 100% காட்டினா உடனே நாலு டேபை மூடுவோம். அதே பழக்கத்தோட மெயின்ஃபிரேம் ப்ராஜெக்ட்ல போய் உட்கார்ந்தா சிக்கல். ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ்ஸில் 100% என்பது மட்டுமே ஆபத்து இல்லை. ஒர்க்லோட் மேனேஜர் முன்னுரிமையைப் பார்த்துக்கும்: ஏடிஎம் பரிவர்த்தனை முன்னாடி போகும், அவசரமில்லாத பேட்ச் ஜாப் பின்னாடி நிற்கும். அவ்வளவு விலை கொடுத்து வாங்கின மெஷின் சும்மா இருந்தாதான் நஷ்டம்.

நிஜமான குழப்பம் வேற இடத்துல. ஆர்எம்எஃப் தரும் சிபியூ ஆக்டிவிட்டி ரிப்போர்ட்டைத் திறந்தா ரெண்டு சதவீதம் இருக்கும்: எல்பார் பிஸி, எம்விஎஸ் பிஸி. ரெண்டும் ஒரே பிராசசரைப் பற்றியது, ஆனா எண் வேற வேற.

ஏன்? ஒரே மெஷினை பிரிசம் என்கிற ஹைப்பர்வைசர் பல எல்பார்களாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றுக்கும் லாஜிக்கல் பிராசசர்கள் உண்டு; அடியில் இருக்கும் பிசிக்கல் பிராசசரை எல்லாரும் பங்கு போட்டுக்கணும். பிசிக்கல் பிராசசர் நிஜமாகவே கிடைத்த நேரம் எல்பார் பிஸி. இசட்/ஓஎஸ் தன் கணக்கில் 'வேலையில்லாம காத்திருந்தேன்' என்று குறிக்காத நேரம் எம்விஎஸ் பிஸி. நடுவில் பிரிசம் பிராசசரைப் பிடுங்கி அடுத்த எல்பாருக்குக் கொடுத்தாலும், அந்த நேரம் இந்தக் கணக்கில் பிஸியாகவே விழும்.

ஒரு கணக்கு போடுவோம். இன்டர்வல் 15 நிமிடம், அதாவது 900 விநாடி. எல்பார் பிஸி 60, எம்விஎஸ் பிஸி 95. ஹைப்பர்டிஸ்பேட்ச் எந்த பிராசசரையும் பார்க் பண்ணலைன்னு வச்சுக்கோங்க. பிராசசர் கிடைத்தது 540 விநாடி, வேலை இருந்தது 855 விநாடி. மீதி 315 விநாடி, கையில வேலையை வச்சுக்கிட்டு பிராசசருக்காக நின்ன நேரம்!

60ஐ மட்டும் பார்த்தவர் 'இன்னும் 40% காலியா இருக்கு, புது அப்ளிகேஷனை இங்கேயே ஏத்தலாம்' என்பார். 95ஐ மட்டும் பார்த்தவர் 'புது பிராசசர் வாங்கணும்' என்பார். முதல் ஆள் பேச்சைக் கேட்டா ரெஸ்பான்ஸ் டைம் போச்சு, ரெண்டாவது ஆள் பேச்சைக் கேட்டா கம்பெனி காசு போச்சு. பார்ட்டிஷன் டேட்டா ரிப்போர்ட்டுக்குப் போங்க. அடுத்த எல்பார் எவ்வளவு எடுத்தது, நம்ம எல்பாரின் வெயிட் எவ்வளவு, கேப் போட்டு வச்சிருக்காங்களா என்று பாருங்க. பல நேரம் வெயிட்டை மாத்தினாலே போதும்.

இன்னொரு எண், ஒர்க்லோட் ரிப்போர்ட்டில் வரும் அப்ளிகேஷன் சதவீதம். அது 250 என்று இருக்கும், பதறாதீங்க. அது ஒரு பிராசசரை 100 என்று வைத்த கணக்கு. 250 என்றால் இரண்டரை பிராசசர் அளவு வேலை.

அப்புறம் சராசரி. 15 நிமிடத்தில் 10 நிமிடம் 100%, 5 நிமிடம் 10% ஓடினாலும் ரிப்போர்ட்டில் வருவது சமத்தா ஒரு 70. யாராவது 'அந்த நேரம் ஸ்கிரீன் அப்படியே நின்னுச்சு'ன்னு புகார் சொன்னா, 70ஐக் காட்டி மறுக்காம, இன்டர்வலைச் சின்னதாக்கி, ரெடி க்யூவில் எத்தனை வேலை நின்னுச்சுன்னு பாருங்க.