பேச்சு மொழியியல் படிக்க விரும்புவோர்க்கு

பக்கவாதத்தால் சொல் வராமல் தவிப்போர்க்கும், திக்கிப் பேசும் சிறார்க்கும் பயிற்சி அளிப்பவர் பேச்சு மொழி வல்லுநர். இக்கல்விக்கென மைசூரில் 1965ஆம் ஆண்டு அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம் தோன்றியது. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றோர் நுழைவுத் தேர்வெழுதிச் சேரலாம். உள்ளிருப்புப் பயிற்சியுடன் இளநிலை 4 ஆண்டுகள். முதுநிலை 2 ஆண்டுகள், அதற்கும் நுழைவுத் தேர்வு உண்டு. பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும்.

விண்ணப்பத்தில் உங்கள் தமிழறிவை எவரும் கேட்பதில்லை. பணியிலோ அதுவே கைகொடுக்கும். மின்னி பேயில் வாழும் தமிழ்ப் பாட்டி ஒருவர் சொல் இழந்தால், அவருக்குத் ‘தண்ணீர்’ என்ற சொல்லைத்தான் மீட்டுத் தரவேண்டும். ‘பானி’யைக் கற்பித்துப் பயனென்ன? குழந்தை ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றால், அது பேச்சுக்குறையா, வீட்டு வழக்கா எனத் தமிழறிந்தவரே பிரித்தறிவார். (உங்களுள் பலரும் அவ்வாறே ஒலிக்கிறீர்கள், அது நோயன்று!) எழுத்தொலிகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் பிறப்பியலில் விளக்குகிறது. இத்துறை மாணவரும் தொடக்கத்திலேயே அதனைக் கற்கின்றனர்.

பயிற்சி: வலி, வளி, வழி – இவற்றை ஒலித்து, ஒவ்வொன்றிலும் நாநுனி எங்குச் செல்கிறது என எழுதுக.