555 நோட்டில் நிற்கும் பணம்

கேள்வி: ஐயா, ரிங்லெட் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் மாமனார் நடத்திய மளிகைக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டத்து ஆட்கள், காய்கறி போடுகிறவர்கள், தானா ராத்தாவில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்கள் என்று பாதிப் பேர் 555 என்ற கடன் கணக்கு நோட்டில்தான் சாமான் எடுக்கிறார்கள். கடன் வியாபாரம் மட்டும் மாதம் 12,000 ரிங்கிட். வெளியே நிற்கும் பாக்கி 18,000. சரக்கு போடும் தவுக்கே 30 நாளில் பணம் கேட்கிறார். வியாபாரம் நன்றாக ஓடியும் கல்லாவில் காசு தங்குவதில்லை. பெரிய கம்பெனிகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று பலகை மாட்டிவிடலாமா?
— வாசகி, ரிங்லெட்

பதில்: பலகை வேண்டாம், சகோதரி. அதை மாட்டிய மறுநாளே வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். பழைய பாக்கியும் அவரோடு போய்விடும்.

உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. மாதம் 12,000க்குக் கடன் கொடுத்து 18,000 வெளியே நிற்கிறதென்றால், விற்ற பணம் கைக்கு வரச் சராசரியாக 45 நாள் ஆகிறது. தவுக்கேவுக்கு நீங்கள் கட்டுவதோ 30 நாளில். இடையில் உள்ள 15 நாளுக்கு உங்கள் சேமிப்பு போகிறது, அல்லது நகை போகிறது. பெரிய கம்பெனிகளின் கடன் பிரிவு மாதாமாதம் முதலில் எடுத்துப் பார்ப்பது இந்த நாள் கணக்கைத்தான்.

அடுத்து, பெயர்வாரியாக இருக்கும் நோட்டை நாள்வாரியாகவும் பிரித்து எழுதுங்கள்: 30 நாளுக்குள், 60க்குள், 90க்குள், அதற்கும் மேல். 90 நாளைத் தாண்டிய தொகையை நம்பிச் சரக்கு வாங்காதீர்கள். மளிகையில் லாபம் நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். 900 ரிங்கிட்டுக்கு வாங்கியதை 1,000க்குக் கடன் கொடுத்து, அது வராமல் போனால், அந்த 900ஐ மீட்க இன்னும் 9,000 ரிங்கிட்டுக்கு விற்றாக வேண்டும்.

“ஆள் நல்லவர்” என்பது கடன் கொடுக்கப் போதுமான காரணம் ஆகாது. அவருக்குப் பணம் எங்கிருந்து, எந்தத் தேதியில் வருகிறது என்று கேளுங்கள். சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். ஆகவே தோட்டத்து ஆட்களுக்குத் தவணை நாள் 8ஆம் தேதி. இருபதாம் தேதி போய்க் கேட்டால் பணம் அவர்கள் ஊரான வங்காளதேசத்துக்கோ நேப்பாளத்துக்கோ போய்ச் சேர்ந்திருக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும்போது, நானாக இருந்தால் ஓர் ஆளின் நோட்டை 400க்கு மேல் ஏற விடமாட்டேன்.

காய்கறிக்காரர் கதை வேறு. அவருக்குப் பணம் அறுவடையில்தான் வரும். விலை அவர் கையில் இல்லை. பலரும் பயிர் செய்வது டிஓஎல் எனப்படும் தற்காலிக உரிம நிலத்தில். அந்த உரிமத்தைக் கைமாற்ற முடியாது, கடனுக்கு ஈடாகவும் உங்களுக்கு உதவாது. “நிலம் இருக்கிறதே” என்ற நம்பிக்கையில் கடனை ஏற்றிவிடாதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை தருபவர்கள் ஹோம்ஸ்டேக்காரர்கள்தான். 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கேமரன் மலைக்கு வருகிறவர்கள் ஒரே நாளில் நின்றுபோனார்கள். சுற்றுலாவை நம்பியவர்கள் எல்லாருக்கும் வருமானம் ஒன்றாக நின்றது. 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்ததை நீங்களும் மறந்திருக்கமாட்டீர்கள். அப்படி ஒரு நாளில் நாணயமானவருக்கும் நாணயமற்றவருக்கும் கடனில் வித்தியாசம் இருக்காது.

கடன் தொழிலில் கரைகண்ட நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே, ஒரே தொழிலை நம்பியவர்களுக்குக் கடன் கொடுத்துத்தான் அடிபட்டார்கள். கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1938இல் 25 பங்கு. பார்க்க வளர்ச்சி போலத் தெரியும். நெல் விலை விழுந்து கடன்காரர்கள் பணம் கட்ட முடியாமல் நிலத்தை விட்டுப்போன கணக்கு அது. ரொக்கம் மண்ணாக முடங்கியது. 1948இல் பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் போட்டபோது அந்த மண்ணும் நிலைக்கவில்லை. ஈடு வாங்கித்தான் கொடுத்தார்கள். ஆனால் கடன்காரர் அத்தனை பேருக்கும் பிழைப்பு நெல் ஒன்றுதான். ஆகவே உங்கள் மொத்தப் பாக்கியில் ஒரே தொழிலை நம்பியவர்களின் பங்கு பாதிக்கு மேல் போகாமலும், தனி ஒருவரின் பங்கு பத்தில் ஒன்றைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்து விஷயம் சுருக்கமாக. நோட்டில் நீங்கள் மட்டும் எழுதினால் போதாது. மாதக் கடைசியில் மொத்தத் தொகைக்குக் கீழே அவர் கையெழுத்து வேண்டும். 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி கடனுக்கு வழக்குப் போட ஆறு ஆண்டு அவகாசம். கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்த ஆறு ஆண்டு புதிதாகத் தொடங்கும். கம்பெனியாகப் பதிந்தவர் பெரிய கடன் கேட்டால், கம்பெனி ஆணையமான எஸ்எஸ்எம்மில் சிறு கட்டணம் கட்டி அவர் விவரத்தை எடுத்துப் பாருங்கள்; அதைப் பார்த்து உங்களுக்குத் தயக்கம் வந்தால் ரொக்கம் கேளுங்கள்.

இரண்டை மட்டும் செய்துவிடாதீர்கள். ஈடாக யாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைக்காதீர்கள், அது குற்றம். சாமான் கடனோடு ரொக்கமும் கொடுத்து வட்டி போடத் தொடங்காதீர்கள். உரிமம் இல்லாத வட்டித் தொழில் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டும், ஊரிலும் ஆலோங் என்ற பெயர் வரும்.

பாக்கி 18,000லிருந்து 12,000க்கு இறங்கினால் உங்கள் 45 நாள் 30 ஆகிவிடும். தவுக்கேவுக்குக் கட்டக் கல்லாவிலேயே காசு இருக்கும். 90 நாள் தாண்டிய ஹோம்ஸ்டேக்காரர்களிடமிருந்து தொடங்குங்கள். முழுத் தொகையைக் கேட்க வேண்டாம். வாரத் தவணை பேசுங்கள், அது தீரும்வரை அவர்களுக்குப் புதுச் சாமான் ரொக்கத்துக்கு மட்டும் கொடுங்கள்.