பாட்டரியோ, ஊட்டுவதோ?

மோட்டார் சைக்கிள் காலையில் உயிர்பெறாது கிடப்பின், பலரும் பாட்டரியைப் பழித்துப் புதியதொன்று பூட்டுவர். சின்னாளில் அதுவும் ஓய்ந்து பொருளும் வீணாகும். ஊட்டுவதை ஆராயாது உண்பதை மாற்றிப் பயனென்னை? (சார்ஜ் என்பதனை மின்னூட்டம் என்றது எத்துணைப் பொருத்தம்!)

எஞ்சினோடு சுழலும் காந்தம், ஸ்டேட்டர் என்னும் கம்பிச்சுருளில் மின்சாரம் எழுப்புகின்றது. 1831இல் பாரடே கண்ட நெறியே இஃது. திசைமாறிப் பாயும் அதனை ஒருதிசைப்படுத்தி, அளவோடு பாட்டரிக்கு அளிப்பது ரெகுலேட்டர்.

மல்ட்டிமீட்டர் ஒன்றிருப்பின் வீட்டிலேயே சோதிக்கலாம். நிறைந்த 12 வோல்ட் பாட்டரி, எஞ்சின் ஓய்ந்திருக்கையில் ஏறத்தாழ 12.6 காட்டும். எஞ்சினை ஓட்டி முடுக்கின் 14 அளவிற்கு உயர்தல் வேண்டும். 15ஐக் கடப்பின் பெரும்பாலும் ரெகுலேட்டரின் குற்றம். பாட்டரி கொதித்து அழியும்.

உயராதாயின் முதற்கண் இணைப்புகளை நோக்குக. கருகிய பிளக்கே பலகாலும் கள்வன். பின்னர் எஞ்சினை நிறுத்தி, ஸ்டேட்டரின் பிளக்கைக் கழற்றுக. மூன்று கம்பியுடையதாயின் இரண்டிரண்டாக அளக்க, மின்தடை மூன்றிடத்தும் ஒத்து மிகச் சிறிதாதல் வேண்டும். எக்கம்பியும் எஞ்சினுடலோடு தொடர்பு காட்டலாகாது. காட்டின், சுருளை மறுபடி சுற்றுவித்தலே வழி. குறையின்றேல், பிளக்கு கழன்றபடியே எஞ்சினை ஓட்டி, மாறுமின் வோல்ட்டை அளக்க. கை படலாகாது, அதிர்ச்சி கடிது. மூன்றும் ஒத்து, வேகத்தோடு உயரின் ஸ்டேட்டர் நன்று, மாற்றத்தக்கது ரெகுலேட்டரே.