நாற்பது லட்சத்துக் காரை மூன்று லட்சத்துக்குக் கொடுத்துவிடலாமா?

கேள்வி: அடையாறு இந்திரா நகரில் இருக்கிறோம். அப்பா 2008-ல் ஒரு பி.எம்.டபிள்யூ 525ஐ பெட்ரோல் கார் வாங்கினார். அப்போதே நாற்பது லட்சத்தை ஒட்டிய விலை. போன வருஷம் அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு கார் பெரும்பாலும் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில்தான் நிற்கிறது. மாதத்துக்கு ஒருமுறை அம்மாவை மயிலாப்பூர் கபாலி கோயிலுக்கு அழைத்துப் போக எடுப்பேன், அவ்வளவுதான். 94,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

சென்ற மாதம் தி.நகர் போனபோது பனகல் பார்க் நெரிசலில் முன்பக்க ஃபேன் பெரும் சத்தத்தோடு சுற்றியது. டேஷ்போர்டில் வெப்பநிலை விளக்கு மஞ்சளாக எரிந்தது. ஓரம் கட்டி நிறுத்திவிட்டோம். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்து நீளமாக ஒரு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், வால்வ் கவர் கேஸ்கெட், கியர் ஆயில், முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்கள், பேட்டரி, நான்கு டயர், நடுவில் உள்ள ஸ்கிரீன் என்று மொத்தம் நாலே முக்கால் லட்சம். ஒரு புரோக்கர் இருக்கிற நிலையிலேயே மூன்று லட்சம் தருவதாகச் சொல்கிறார். தம்பியோ, “பதினைந்து வருஷம் தாண்டிய காரை உடைக்கச் சொல்லிச் சட்டமே வந்துவிட்டது, எத்தனால் பெட்ரோலும் இதற்கு ஒத்துக்கொள்ளாது, தள்ளிவிடு அக்கா” என்கிறான். அம்மாவுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான். என்ன செய்யலாம், சார்?

— வாசகி, அடையாறு

பதில்: விற்க வேண்டாம், அம்மா. அதே சமயம் அந்த எஸ்டிமேட்டில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்யவும் வேண்டாம்.

முதலில் தம்பியின் பயத்தைத் தீர்த்துவிடலாம். டீசல் காருக்குப் பத்து வருஷம், பெட்ரோல் காருக்குப் பதினைந்து வருஷம் என்ற கெடு டெல்லிக்கும் அதைச் சுற்றிய தலைநகர்ப் பகுதிக்கும் 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்தது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. இங்கே பதினைந்து வருஷம் முடிந்ததும் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். 2008-ல் பதிவான உங்கள் காருக்கு 2023-லேயே அந்தத் தேதி வந்திருக்கும். அப்பா புதுப்பித்திருக்கிறாரா என்று ஆர்.சி.யை எடுத்து இன்றே பாருங்கள். 2022 ஏப்ரல் முதல் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய். இருபது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கியிருக்கிறார்கள். 2028-ல் நீங்கள் கட்டப்போவது அந்தத் தொகை.

இனி செலவு. பழைய சொகுசு கார் வைத்திருப்பவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். காரின் சந்தை விலை மூன்று லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதன் பம்ப்பும் ஆர்மும் இன்னமும் நாற்பது லட்ச ரூபாய் காரின் பம்ப்பும் ஆர்மும்தான். அதனால் “மூன்று லட்சம் பெறாத காருக்கு நாலே முக்கால் லட்சமா” என்று கணக்குப் போட்டால் எப்போதும் விற்பதே சரி என்று வரும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அடுத்த ஐந்து வருஷம் இதே அளவுக்கு அமைதியாக, பத்திரமாக ஓடுகிற ஒரு கார் வேண்டுமென்றால் எவ்வளவு செலவாகும்? ஒரு நடுத்தரப் புதுக் காருக்கே பன்னிரண்டு, பதினைந்து லட்சம் ஆகிறது. இதற்கு வருஷத்துக்கு ஒன்று, ஒன்றரை லட்சம் தனியாக எடுத்து வைக்க முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாது, ஒவ்வொரு பில்லும் வீட்டுக் கணக்கை இடிக்கும் என்றால் மட்டும் மனதைத் தேற்றிக்கொண்டு கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை 2007 மார்ச்சில் செங்கல்பட்டு பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் தொடங்கியது. உங்கள் 5 சீரிஸ் அங்கே பூட்டப்பட்ட தலைமுறை. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்ற மாடல் என்பதால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. இது சின்ன விஷயம் இல்லை. 1985-ல் நம் ஊர் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் உடலில் பழைய இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. மெட்ராஸில் பிறந்த சொகுசு கார். 1988-ல் உற்பத்தியே நின்றுபோனது. அதை ஆசையாக வைத்திருந்தவர்கள் ஒரு கண்ணாடிக்கும் ஒரு விளக்குக்கும் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வராது.

இப்போது பனகல் பார்க்கில் நடந்ததற்கு வருகிறேன். ஃபேன் அலறி, மஞ்சள் விளக்கு வந்ததை வைத்துப் பார்த்தால் வாட்டர் பம்ப்பின் மேல்தான் சந்தேகம் விழுகிறது. இந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. அது போகும்போது சொல்லாமல் போகும். உங்கள் டேஷ்போர்டில் வெப்பநிலை காட்டும் முள்ளும் கிடையாது. விளக்கு வந்தால்தான் தெரியும். நீங்கள் உடனே நிறுத்தியதுதான் அந்த எஞ்சினைக் காப்பாற்றியிருக்கிறது. விளக்கு சிவப்பாக மாறிய பிறகும் “வீடு பக்கம்தானே” என்று ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்துபோயிருக்கும், நானும் வேறு பதில்தான் எழுதியிருப்பேன்.

ஆகவே முதல் வேலை வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும். இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும். கூடவே ரேடியேட்டர் ஹோஸ்களையும் பிளாஸ்டிக் கூலன்ட் டேங்க்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பதினேழு பதினெட்டு சென்னைக் கோடைகளைக் கண்ட பிளாஸ்டிக் கையால் அழுத்தினாலே நொறுங்கும்.

மெக்கானிக்கிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “போல்ட் புதுசு வாங்கினீர்களா?” இந்த எஞ்சினின் வெளிக்கட்டை மக்னீசியக் கலவை. அதில் இரும்பு போல்ட்டைப் போட்டால் மக்னீசியம் அரிக்கப்பட்டுவிடும். அதனால்தான் பம்ப்பைப் பிடித்திருக்கிற போல்ட்கள் அலுமினியத்தில் செய்யப்பட்டவை. ஒருமுறை இறுக்கினால் அது நீண்டுகொடுக்கும். கழற்றினால் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியதைப் போட்டு, சொன்ன அளவு இறுக்கி, அதற்கு மேல் சொன்ன கோணம் திருப்ப வேண்டும். பழைய போல்ட்டையே திரும்பப் போட்டால் உள்ளேயே முறியும், முறிந்த துண்டை எடுப்பது பெரிய தலைவலி. இன்னொன்று, கூலன்ட் ஊற்றிய பிறகு காற்றை வெளியேற்றும் முறை. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆக்ஸிலரேட்டரைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பம்ப் தானாகவே பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஓடிக் காற்றைத் தள்ளும். இந்த இரண்டையும் நீங்கள் கேட்காமலே சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். போர்டில் பெரிய பெயர் இருக்கிறதா என்பதைவிட இது எனக்கு முக்கியம். கூலன்ட்டோடு கலக்க டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. பார்க்கிங் குழாயில் வரும் போர் தண்ணீர் கூடவே கூடாது.

இரண்டாவது, கியர் ஆயில். “வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லை” என்று கார் கம்பெனி சொன்னதைப் பலரும் வேதமாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது எட்டு வருஷத்தில் மாற்றச் சொல்கிறது. உங்கள் கார் இரண்டு கணக்கிலும் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. அடியில் கறுப்பு பிளாஸ்டிக் பான் தெரிந்தால் அது இசட்.எஃப். கியர்பாக்ஸ்தான். ஃபில்டர் அந்தப் பானுக்குள்ளேயே இருப்பதால் பானையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பம்ப் வேலை முடிந்த இரண்டு மூன்று மாதத்தில் இதைச் செய்யுங்கள். வால்வ் கவர் கேஸ்கெட்டையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். ஆயில் சொட்டிச் சூடான பாகத்தில் விழுந்து, கருகல் வாடை உள்ளே வருகிறது என்றால் மட்டும் முன்கூட்டியே செய்யுங்கள்.

சஸ்பென்ஷன் ஆர்ம் எல்லாம் ஒரே நாளில் போயிருக்காது. மெட்ரோ வேலைக்காக மந்தைவெளி, லஸ், பனகல் பார்க் எல்லாம் தோண்டிக் கிடக்கிற இந்தச் சமயத்தில் முழு செட்டும் புதிதாகப் போட்டால் எனக்கு வயிறு எரியும். வண்டியைத் தூக்கி, எந்த புஷ் கிழிந்திருக்கிறது என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லி, அதை மட்டும் மாற்றுங்கள். இடது வலது இரண்டும் ஜோடியாக. டயரில் தேய்மானம் பார்த்தால் போதாது, வயது பாருங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருஷம் தாண்டியிருந்தால் பள்ளம் ஆழமாக இருந்தாலும் மாற்றுங்கள். பேட்டரி மாற்றினால் புது பேட்டரியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிவு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்துத் தவறாகச் சார்ஜ் ஏற்றி, புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும். ஸ்கிரீனை விட்டுவிடுங்கள். அது இல்லாமல் கார் ஓடும்.

பாகங்களைப் பொறுத்தவரை, ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணின் கடைசி ஏழு எழுத்துகளைக் கொடுத்தால் உங்கள் காருக்கான சரியான பார்ட் நம்பர் கிடைக்கும். கம்பெனி டப்பாவில் வருகிற அதே பாகத்தைச் செய்து கொடுத்தவர்களே தங்கள் பெயரிலும் விற்கிறார்கள், விலை குறைவு. பம்ப்புக்கு பியர்பர்க், சஸ்பென்ஷனுக்கு லெம்ஃபோர்டர், கேஸ்கெட்டுக்கு எல்ரிங் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையையும் நான் ஒதுக்கச் சொல்லமாட்டேன். கதவுக் கைப்பிடி, கண்ணாடி, உள்ளே இருக்கும் மர வேலைப்பாடு, ஏன் உங்கள் ஸ்கிரீன்கூட அங்கே நல்ல நிலையில் கிடைக்கலாம். ஆனால் ரப்பர், பிரேக், பம்ப் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்காதீர்கள்.

எத்தனால் பற்றித் தம்பி சொன்னதில் பாதி உண்மை. இப்போது பங்க்கில் வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கேற்ற ரப்பர், பிளாஸ்டிக்கோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். உங்கள் காலத்து மாடலுக்கு நிறுவனம் சொன்ன எல்லை பத்து சதவீதம். அதற்காக நாளைக்கே எஞ்சின் போய்விடாது. இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் மைலேஜ் ஆறேழு சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அதைவிட எனக்குக் கவலை, எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. மாதக்கணக்கில் டேங்க்கில் அசையாமல் நிற்கிற பெட்ரோல்தான் ஆபத்து. பழைய ஃப்யூயல் ஹோஸ்களை ஒருமுறை மாற்றிவிடுங்கள். வெளியூர் போய் வண்டி நிற்கப்போகிறது என்றால் எத்தனால் கலக்காத எக்ஸ்பி100 போட்டு நிறுத்துங்கள்.

மற்றபடி, ஓட்டுங்கள். இந்திரா நகரிலிருந்து மயிலாப்பூர் போகிற தூரத்துக்குள் எஞ்சின் ஆயில் சரியாகச் சூடாவதற்கே நேரமிருக்காது. மாதம் ஒருமுறை அப்படி எடுப்பது காருக்கு நல்லதே இல்லை. வாரம் ஒருநாள் காலையில் ஈ.சி.ஆரில் முட்டுக்காடு வரை போய் வாருங்கள். அம்மாவையும் அழைத்துப் போங்கள். ஓடுகிற காரில் எலியும் குடித்தனம் வைக்காது.

மழைக்காலத்துக்கு முன் பானெட்டைத் திறந்து, முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகால் துளைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சன்ரூஃப் வடிகாலையும்தான். வேப்பம்பூவும் புங்க இலையும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். பேட்டரியும் சில எலெக்ட்ரானிக் பெட்டிகளும் டிக்கியில் தாழ்வாக இருக்கின்றன என்பதை மறக்காதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரையோரம், 2023-ல் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி பக்கம், நின்ற தண்ணீரில் ஸ்டார்ட் செய்து பார்த்தே எஞ்சினை இழந்தவர்கள் எத்தனையோ பேர். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளையும். டயர் பாதி மூழ்கியிருந்தால் சாவியைத் தொடாமல் கிரேனைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒரு விஷயம். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதா? உரிமையாளர் காலமானால் மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மா, தம்பியின் சம்மதக் கடிதம், நடப்பு இன்ஷூரன்ஸ் இவற்றோடு உங்கள் பகுதிக்கான திருவான்மியூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தை அணுகுங்கள். தாமதத்துக்கு அபராதம் கேட்டால் கட்டிவிடுங்கள். பெயர் மாறியதும் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். காப்பீட்டு மதிப்பு இந்த வயதில் பேசித் தீர்மானிப்பது, காரைக் கேட்ட புரோக்கர் சொன்ன தொகையை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். வெள்ளத்தில் எஞ்சின் போனால் ஈடு கொடுக்கும் கூடுதல் பாதுகாப்பை இவ்வளவு பழைய காருக்குத் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். பம்ப் மாற்ற வண்டியை விடுவதற்கு முன்பே இந்தக் காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள்.